பையில் இல்லாத ஒன்று

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. உடல்நல இதழ் ஒன்றின் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, உணவிலும் உடல்நலத்திலும் செலினியத்தின் பங்கு என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் கதை எழுதுகிறவன். எனக்கும் செலினியத்துக்கும் அதுவரை பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் யாராவது எழுதச் சொன்னால் என் தலை தானாக ஆடிவிடும். ஆடிவிட்டது.

உட்கார்ந்து எழுதிய முதல் வாக்கியம்:

"செலினியம் என்பது மனித உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் ஒரு தாதுப்பொருள் ஆகும். இது

அந்த 'ஆகும்' வந்த இடத்திலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே கொட்டாவி என்றால் படிக்கிறவர் பாய் விரித்துப் படுத்துவிடுவார். இரண்டாவது தொடக்கம்:

"கிரேக்க மொழியில் நிலாவுக்குள்ள பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு பொருள், நம் எல்லோர் இரத்தத்திலும்

அழகாகத்தான் இருந்தது. அழகைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையும் அப்படியே விட்டேன்.

காலையில் நான் நடக்கப் போகும் பூங்காவில் ஒரு மருந்தாளுநர் பழக்கம். மருத்துவமனையில் வேலை. அவரைப் பிடித்து, செலினியம் உடம்புக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். வகுப்பு எடுப்பதுபோல் சொன்னார்: உடம்பில் நடக்கும் எரிதலில் செல்கள் கருகிப்போகாமல் காக்கும் சில நொதிகளுக்கு அது வேண்டும், தைராய்டு சுரப்பு வேலைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாறவும் வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்திவிட்டார். பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் கொஞ்சம், அடுத்தடுத்த நாட்களில் மிச்சம் என்று அவர் சொன்னதுதான் இது. கட்டுரை தாமதமாகும் என்று ஆசிரியைக்குச் சொல்லிவிட்டேன்.

2

அவரை வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது 'சொட்டு'. பெயர் வைத்தவர் அவருடைய அக்கா புருஷன். மருந்தகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து அளந்து, தாகமெடுத்தால்கூடத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறான் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. (நேரில் நான் அவரிடம் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவன்'. கோபித்துக்கொள்ள மாட்டார்.)

சொட்டுவுக்கு அக்காதான் எல்லாம். அம்மா அப்பா சீக்கிரம் போய்விட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும் வேலை பார்த்துக்கொண்டே அவனைப் படிக்க வைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, "இவனும் கூட வருவான். சரின்னா பாக்கலாம்" என்று மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னவள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சரி என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், வார இறுதியில் கால்பந்து நடுவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'விசில்'. மைதானத்தின் இந்தக் கோடியில் ஊதினால் அந்தக் கோடியில் பந்தில்லாமல் சும்மா நிற்பவன்கூட அப்படியே நின்றுவிடுவான்.

அந்த விசிலுக்கு ஒரு நாள் வயிற்றில் குடல் முறுக்கிக்கொண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் சிறுகுடலில் பெரும்பகுதி செத்துவிட்டது. வெட்டி எடுத்தார்கள். உயிர் நின்றது. ஆனால் இனி வாயால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்றாகிவிட்டது. சாப்பாடு நேராக இரத்தத்துக்குள்தான் போக வேண்டும். நெஞ்சருகே ஒரு மெல்லிய குழாய். அதில் பால் நிறத்தில் ஒரு பை. படுக்கப் போகும்போது மாட்டினால் விடியும்போது காலியாகியிருக்கும்.

அந்தப் பையைத் தயாரிக்கும் அறையில் வேலை பார்த்தவன் சொட்டு.

சர்க்கரை, புரதக் கூறுகள், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள். கடைசியாக ஒரு சின்னக் குப்பி. அதற்குள் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, குரோமியம், செலினியம் என்று ஐந்து தாதுக்கள் கலந்திருக்கும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு இரண்டடுக்கு உறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுக் கலப்பான். மற்றவர்களின் பைகளை வேலையாகச் செய்தான். மாமாவின் பையைச் செய்யும்போது மட்டும் சமைப்பதாக நினைத்துக்கொள்வானாம். குளிர்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், "இன்னைக்கு என்ன மாப்ள ஸ்பெஷல்?" என்பார் விசில். அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். அவர் சப்புக்கொட்டுவார்.

எலும்பும் தோலுமாக வீடு திரும்பியவருக்குச் சதை பிடித்தது. பள்ளிக்கூடம் போனார். மைதானத்துக்கும் போனார்.

(இதோடு முடித்தால் எவ்வளவு நல்ல கதை. ஆனால் செலினியம் இன்னும் உள்ளே வரவில்லை. சரியாகச் சொன்னால், வெளியே போகவில்லை.)

3

ஐந்து தாதுக் கலவை வருவது நின்றது. தயாரிப்பாளரிடமே இருப்பு இல்லை என்றார்கள். கொள்முதல் பிரிவு துத்தநாகத்தையும் செம்பையும் தனித்தனிக் குப்பிகளாக வாங்கிக் கொடுத்தது. சொட்டு, பைகளுக்குச் சீட்டு எழுதும் வார்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னான்: கலவை இல்லை, துத்தநாகமும் செம்பும் தனியாகப் போடுகிறோம். அவர் அவசரத்தில் இருந்தார், சரி என்றார். மற்ற மூன்றும் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

அவன் நினைத்தது இதுதான்: அடுத்த மாதம் வந்துவிடும். உடம்பில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். அவ்வளவு சின்ன அளவு, இல்லாவிட்டால் என்ன பெரிதாகக் குடிமுழுகிவிடப் போகிறது?

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வேறு ஏதோ தட்டுப்பாடு வந்து இது மறந்தது. பிறகு துத்தநாகமும் செம்பும் போடுவதே வழக்கமாகி, ஐந்து இருந்தது என்பதே அந்த அறைக்கு மறந்துபோனது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வாயால் சாப்பிடுகிற நமக்கு இந்தக் கவலை குறைவு. மீன், முட்டை, இறைச்சி, தானியம், பருப்பு என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு செலினியம் வந்துவிடும். விளைந்த மண்ணில் அது இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பைச் சாப்பாட்டுக்காரருக்கு மண்ணும் கிடையாது, மீனும் கிடையாது. பையில் போட்டதுதான் உண்டு.]

4

விசிலுக்கு முதலில் தொடை வலித்தது. வயசு என்றார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தார். அதற்கும் வயசு. கருகருவென்றிருந்த முடி செம்பட்டையானது. யாரை மயக்க இந்தச் சாயம் என்று அக்கா கேலி செய்தாள். அவர் ஆட்டத்தின் பாதியில் இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் கேலி நின்றது.

அப்புறம் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. மருத்துவமனையில் சேர்த்து இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பெருத்துத் தொளதொளவென்று ஆகியிருந்தது, இரத்தத்தை அழுத்தி வெளியேற்றும் வலு பாதிக்கும் கீழே போயிருந்தது. ஏதாவது வைரஸ் வந்து போயிருக்கலாம் என்றார் இதய மருத்துவர், காரணம் தெரியாமலும் இப்படி ஆவதுண்டு என்றார். மருந்துக்குக் கேட்காவிட்டால் மாற்று இதயத்துக்குப் பதிவு செய்வதைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவருக்கு ஒரு தலையணை கூடுதலாகக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள்.

(இந்த இடத்தில் அக்கா அழுவதாக முதலில் எழுதியிருந்தேன். சொட்டுவிடம் படித்துக் காட்டினேன். "அவ அழல சார். தலையணதான் கேட்டா" என்றார். மாற்றிவிட்டேன்.)

5

ஒரு சாயங்காலம் சொட்டு மாமாவின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை போர்வைக்கு வெளியே கிடந்தது. நகங்கள் சாக்குக்கட்டி மாதிரி வெளுத்திருந்தன.

எங்கேயோ படித்திருக்கிறோம் என்று தோன்றியது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்த ஒரு பத்தி. வெளுத்த நகம். தசை வலி. நிறம் மங்கும் முடி. பெருக்கும் இதயம். நீண்ட நாள் இரத்தவழி உணவில் இருப்பவர்களுக்கு... மறுநாள் காலை மருந்தகத்து அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தபோது, அந்தப் பத்தி அதே இடத்தில் இருந்தது. நின்றபடியே படித்தான். உட்கார்ந்து மறுபடி படித்தான்.

இப்போது அவன் முன் ஒரு சுலபமான வழி இருந்தது. வேறொரு மருத்துவமனையில் தனிச் செலினியக் குப்பி கைமாற்றாகக் கிடைக்கும். மாமாவின் பையை அவன்தான் கலக்கிறான். சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால் போதும். மருந்தால் குணமானார் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த வழியில்தான் கதையைக் கொண்டுபோனேன். பல பக்கம் எழுதினேன். நல்ல விறுவிறுப்பு. அவன் குப்பியைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு நடைவழியில் போகிறான், எதிரே தலைமை மருந்தாளுநர் வருகிறார், அவன்

இல்லை. அப்படி நடக்கவில்லை. ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பூங்காவில் அவரிடம் கேட்டேன். தான் நல்லவன் என்பதால் இல்லை என்றார். ஒரு பகல் முழுக்க அந்த யோசனையிலேயே இருந்ததாகவும் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் வழக்கம்போல் அடுத்த பையைக் கலக்க எடுத்திருக்கிறார். அது குழந்தைகள் வார்டுக்குப் போகிற சின்னப் பை. பிறவியிலேயே குடல் கோளாறுள்ள ஒரு பாப்பாவுக்கு. அதிலும் ஐந்தில் இரண்டுதான் இருந்தது.

"மாமாவுக்கு மட்டும் ரகசியமா போட்டுட்டு, அந்தப் பாப்பாவுக்கு என்ன சொல்லிப் போடுவேன்?" என்றார். என் பக்கங்களைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

6

முதலில் அக்காவிடம் சொன்னான். வார்டுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் ஓரம். அவள் துவைக்க எடுத்துப்போகும் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு இப்படி ஆனதுக்கு நான் காரணமா இருக்கலாம்."

"என்னடா உளர்ற?"

சொன்னான். குப்பி நின்றது, தொலைபேசியில் பாதி சொன்னது, மறந்தது, நகம், புத்தகம், எல்லாவற்றையும். அவள் துணி அடைப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும் அது?"

"தூள் உப்புல ஒரே ஒரு துகள் இருக்குமே, அவ்வளவுதான்."

"அது இல்லாமயா இவ்வளவும்?"

"இருக்கலாம்க்கா. இன்னும் ரத்தம் பாக்கல. ஆனா எனக்குத் தெரியுது."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இந்த அக்கா எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பிரதியில் அவள் அவனை அறைந்தாள். படித்துப் பார்த்தால் நாடகம் மாதிரி இருந்தது. இரண்டாம் பிரதியில், "நீ வேணும்னா செஞ்ச?" என்று கட்டிக்கொண்டாள். அதைப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. புருஷன் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறபோது எந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய மனசு வரும்?

நடந்தது இது. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். உனக்குத்தான் முதலில் என்றான். "டாக்டர் எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். கதவைத் தட்டியது அவள். பேச வேண்டியதை அவனிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவன் பேசி முடிக்கும்வரை நகரவில்லை.

அன்று அறையை விட்டு வெளியே வந்தபின் அவள் தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

7

இதய மருத்துவர் திட்டவில்லை. கேட்க வேண்டியதைத் தாங்களும் கேட்கவில்லை என்றார். உணவியல் நிபுணரை வரவழைத்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே செலினியம் தொடங்க முடிவானது.

உணவியல் நிபுணரிடம் அக்கா, இத்தனை நாள் விட்டதற்கும் சேர்த்து அள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் பொறுமையாக விளக்கினார். குறைந்தால் இதயத்தையே பாதிக்கும் இதே பொருள் கூடினால் விஷம். முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும், நரம்பும் கெடும். ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் பண்ணிக் கொடுத்து, பிறகு வழக்கமான அளவுக்கு இறக்குவோம் என்றார். அக்கா அதற்குப் பிறகு யாரையும் அவசரப்படுத்தவில்லை.

[உடம்பைப் பொறுத்தவரை உலகம் செலினியத்தை முதலில் அறிந்தது விஷமாகத்தான். அது இல்லாமலும் உயிர்கள் வாடும் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று. கட்டுரைக்காகச் சேர்த்த தகவல். வீணாக்க மனமில்லை.]

மாமாவிடம் சொட்டுவே போய்ச் சொன்னான். விசில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அவன் நினைத்தபோது பேசினார்.

"ஃபவுல்தான் மாப்ள. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மஞ்சள் அட்டதான், வெளியேத்த மாட்டேன். நீயே வந்து கையத் தூக்கிட்டல்ல."

"அக்கா பேச மாட்டேங்குறா மாமா."

"அவ வேற நடுவர்டா. அவ தீர்ப்புல நான் தலையிட முடியாது."

8

இரத்த முடிவு வந்தது. அளக்கும் கருவிக்குத் தட்டுப்படாத அளவுக்குச் செலினியம் குறைந்திருந்தது. அதற்குள் விசிலின் தொடை வலி போயிருந்தது. கால் வீக்கம் வடிந்தது. முதலில் கட்டிலைச் சுற்றி நடந்தார், பிறகு நடைவழியில், பிறகு யாரும் பார்க்காதபோது படியில். செவிலியர் பிடித்துத் திட்டினார். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை முந்தைய ஸ்கேனோடு பக்கத்தில் வைத்துக் காட்டிய மருத்துவருக்கே முகம் மலர்ந்திருந்தது. இதயம் சுருங்கி ஒழுங்குக்கு வந்திருந்தது. முழுக்கப் பழையபடி ஆகவில்லை. ஆனால் மாற்று இதயத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

எல்லோருக்கும் இப்படித் திரும்பிவிடாது, சிலருக்குக் காலம் கடந்துவிடும் என்றும் அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை இங்கே போடாமல் விடுவது நியாயமில்லை.

அந்தப் பாப்பாவுக்கும் பார்த்தார்கள். குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இதயம் நன்றாக இருந்தது. எந்தக் கேடும் வருவதற்கு முன்பே சரிசெய்துவிட்டார்கள். அந்தக் குழந்தையின் அம்மாவிடமும் சொட்டு நேரில் போய்ச் சொன்னான். அவர் வெகுநேரம் கத்தினார். அவன் நின்று கேட்டான். போகும்போது அவர், சொன்னதற்கு நன்றி என்றார்.

மருத்துவமனை விசாரித்தது. தவறு ஒருவரோடு நிற்கவில்லை என்று தெரிந்ததும், இனி எந்தப் பொருள் தீர்ந்தாலும் அது இல்லாததால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து மருத்துவருக்கும் வீட்டாருக்கும் சொல்லியாக வேண்டும் என்று விதி போட்டது. சொட்டுவைக் கலக்கும் அறையிலிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தது.

இடையில் ஒரு வேடிக்கை. விசில் பிழைத்த கதையைக் கேட்ட மாடிவீட்டுக்காரர், கடையில் செலினிய மாத்திரை வாங்கி இஷ்டத்துக்கு விழுங்க ஆரம்பித்தார். வீரியம் வரும் என்று யாரோ சொன்னார்களாம். வந்தது பூண்டு வாடைதான். வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துச் சொட்டுவிடம் ஓடிவந்தார். ஒழுங்காக மூன்று வேளை சாப்பிடுகிற உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று அவன் மாத்திரையை நிறுத்தச் சொன்னான். வாடை போய்விட்டது. குடும்பத்தில் அமைதி திரும்பியது.

9

இனி முடிவு.

விசில் நன்றாக இருக்கிறார். இரத்தவழிப் பை தொடர்கிறது, இப்போது ஐந்தும் அதில் உண்டு. போன வாரம் பெண் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றில் முதல் பாதிக்கு நடுவராக நின்றார். இரண்டாம் பாதிக்கும் நிற்கிறேன் என்றவரை அக்கா கோட்டோரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்துவிட்டார்.

தலைமை மருந்தாளுநர் சொட்டுவைக் கூப்பிட்டு, மறுபடி கலக்கும் அறைக்கு வா என்றார். அந்த அறையில் இப்போது உன்னைவிடக் கவனமாக இருக்கப்போகிறவன் யாருமில்லை என்றார். வந்தால் மாமாவின் பையும் அவன் கையில்தான் வரும். சொட்டு உடனே சரி சொல்லவில்லை. ஒருவரிடம் கேட்க வேண்டும் என்றான்.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனான். அக்கா உள்ளே மேசையில் குனிந்து ஒரு சட்டத்துக்கு வில்லை பொருத்திக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் மாமாவின் தேவைக்காக இரண்டொரு வார்த்தை தவிர, அதுவும் சுவரைப் பார்த்து, அவள் அவனிடம் பேசியதில்லை. அவன் நின்றபடியே கேட்டான்:

"அக்கா, பை கலக்குற வேலைக்குத் திரும்பக் கூப்பிடுறாங்க. நீ வேண்டாம்னா போகல."

அவள் நிமிரவில்லை. திருகாணியை முழுசாக முறுக்கி முடித்தாள். வில்லையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு காலால் பக்கத்திலிருந்த முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருடா."

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று பூங்காவில் அவரிடம் நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். அது எங்கள் வீட்டுப் பேச்சு சார் என்று சிரித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நானாக எழுதிப் பார்த்தேன். அவள் சரி என்கிற முடிவு ஒன்று, முடியாது என்கிற முடிவு ஒன்று, யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்புகிற முடிவு ஒன்று. மூன்றுமே அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

உங்களுக்கும் அக்காவோ தங்கையோ தம்பியோ இருப்பார்கள். அவர்களோடு ஏதோ ஒரு மனத்தாங்கலில் பேசாமல் இருந்த நாட்களும் இருந்திருக்கும். அதனால் இந்தக் கதையை முடிக்கிற வேலைக்கு என்னைவிட நீங்கள் பொருத்தம். அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பியிருக்கிறாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள்.